இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

ஜூலை 7, திங்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு, பாளையங்கோட்டை, பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு, திருவாளர் சு. பேச்சிராஜா அவர்களின் கீழ்த்தாடை வலப்பக்கக் கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை, தட்டையோடு நடந்த நேரடி மோதலில் உடைந்து வீரமரணம் எய்தியது. அன்னாரின் அளவு அரைப் பொட்டுக்கடலை. உடல் கிடைக்கவில்லை. தட்டையோடு சேர்த்து விழுங்கப்பட்டிருக்கலாம் என்று நம்பப்படுகிறது. நல்லடக்கம் நாளை காலை. இடத்தைச் சொல்ல நாகரிகம் தடுக்கிறது.

இந்த டைரி அப்பாவுக்கு யாரோ கொடுத்த போன வருஷத்து டைரி. அதனால் ஜூலை ஏழுக்கு ஞாயிறு என்று அச்சடித்திருக்கிறது. அதை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதும்போது வருகிற துக்கத்துக்கு முன்னால் பல் போன துக்கம் ஒன்றுமே இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பல் டாக்டரிடம் கூட்டிப்போவாள். எனக்குப் பயமெல்லாம் கிடையாது. டாக்டருக்கு எதற்கு வீண் சிரமம் என்றுதான்.

ராத்திரிச் சாப்பாட்டில் இடப்பக்கமாக மென்றேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பாவும் இடப்பக்கமாகத்தான் மெல்கிறார். இரண்டு பேரும் ஒரே பக்கம் கன்னம் புடைத்து, கண்ணாடி பார்த்தது போல இருந்தது. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனும் மவனும் ஒரே அச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

பானைத் தண்ணீர் குடித்தேன். உச்சந்தலையில் மணி அடித்தது.

ஜூலை 10, வியாழன்

கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்திருக்கிறேன். வாய் முழுக்க பிரியாணி வாசம். ஆனால் பிரியாணி இல்லை. இதைவிட ஒரு கொடுமை உண்டா?

பள்ளிக்கூடத்தில் இன்று என் புதுச் சரக்கை அரங்கேற்றினேன்: பல் டாக்டர் மெஷின் சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மூக்கு வழியாக 'ஙீஈஈஈஈ' என்று இழுத்து, பல்லில் படும் இடத்தில் 'ஙொர்ர்' என்று இறக்க வேண்டும். இயற்பியல் வகுப்பில் ஆன்டோவின் காதுக்குப் பின்னால் விட்டேன். போன மாதம்தான் பல் பிடுங்கியவன். பெஞ்சோடு துள்ளிவிட்டான்.

"லே பேச்சி, ஒனக்கெல்லாம் பல்லு வலிச்சாத்தாம்ல தெரியும்!"

"எனக்கு வலிச்சா நேராப் போயி, 'டாக்டர், எல்லாப் பல்லயும் எடுங்க, பல்லாங்குழி வெளாடணும்'னு சொல்லுவேம்ல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயின் இடப்பக்கத்தால்.

ஜூலை 11, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். பஞ்சை அம்மா கண்டெடுத்துவிட்டாள். தலையணைக்கு அடியில் மூன்று. துப்பறியும் இலாகாவில் இருக்க வேண்டியவள், துணி தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வாயத் தொறல."

திறந்தேன். கைப்பேசி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "ஏயப்பா! உள்ள குகையே இருக்கு." அப்படியே அப்பா பக்கம் திரும்பினாள். "என்னங்க, ஒங்களத்தான். நீங்களும் நாளைக்கு இவன்கூடப் போறிய. எத்தன வருசமா ஒத்தப் பக்கமா மெல்லுவிய?"

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சுடலைமணி. தீயணைப்பு நிலையத்தில் வேலை. எரிகிற கூரைக்குள் போவார். பாழுங்கிணற்றில் இறங்கி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் ஊர்க்காரர்கள் கூப்பிடுவது இவரைத்தான். நல்லபாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டு, "இது ஒண்ணும் செய்யாது, வெலகி நில்லுங்க" என்று பாம்புக்காகப் பரிந்து பேசுவார். ஆனால் ஒரு விசித்திரம். அம்மா அவருக்குப் பல் டாக்டரிடம் நாள் குறிக்கும்போதெல்லாம் அன்றைக்கென்று பாளையங்கோட்டையில் ஒரு பாம்பு புகுந்துவிடுகிறது. மூன்று வருஷத்தில் ஏழு பாம்பு. அம்மா கணக்கு வைத்திருக்கிறாள்.

"நாளைக்குப் பாம்பு வந்தா, அது என்னயத் தாண்டித்தான் போவணும்" என்றாள் அம்மா.

ஜூலை 12, சனி

வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள். இன்று என் வாழ்க்கையின் ஆகப்பெரிய குறும்பைச் செய்தேன். ஆற அமர எழுதுகிறேன்.

டாக்டர் ரஹ்மத் நிஷாவின் கிளினிக் முதல் மாடியில். நான் காற்று வரட்டும் என்று கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயிலில் வந்ததால் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பேக்கரியின் விலைப்பலகையை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து வரி விடாமல் படித்தார். தேங்காய் பன்னில் தொடங்கி பிளம் கேக் வரை. முடித்துவிட்டு மறுபடியும் தேங்காய் பன்.

செல்வக்கனி என்கிற உதவியாளர் அக்கா, நிரப்பித் தரச் சொல்லி ஆளுக்கொரு பாரம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் பாரம் நிரப்புவது என் பாரம். ஏழாவது படிக்கும்போதிலிருந்து வங்கி, ரேஷன், கேஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் ஆஸ்தான எழுத்தர். அப்பா படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இன்றைக்கு மூக்குக் கண்ணாடியை வேறு மறந்து வந்திருந்தார்.

"நீயே போட்டுருல" என்றார்.

பாரத்தில் ஐந்தே கேள்வி. நாளைக்குப் பல் சிகிச்சை என்றால் இன்றைக்கு எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில் எப்படி இருக்கும்? பல்லை மெஷினால் குடையப்போகிறார்கள் என்றால்? சுத்தம் செய்யப்போகிறார்கள் என்றால்? ஈறில் ஊசி போடப்போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டும். பயமே இல்லை என்றால் ஒன்று. உயிரே போகிறது என்றால் ஐந்து.

என் பாரத்தில் ஐந்துக்கும் ஒன்று போட்டேன். சிங்கத்துக்கு வேறென்ன மதிப்பெண்? பிறகு அப்பாவின் பாரம். பெயர் எழுதும் இடத்தில் பேனா வழுக்கிக் கொஞ்சம் அடித்தல் திருத்தல் ஆகிவிட்டது, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அப்போதுதான் மூளையில் மின்னல் வெட்டியது. பாம்பு பிடிக்கிற சுடலைமணிக்கு ஐந்துக்கும் ஐந்து! மொத்தம் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து! அப்பா பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். செல்வக்கனியக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். டாக்டர் அந்தப் பெரிய சாய்வு நாற்காலியைக் காட்டவே இல்லை. மேஜைக்கு முன்னால் இருந்த சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

"இங்க உக்காருங்க சார். அந்தச் சேர் இன்னைக்கு வேண்டாம். இன்னைக்குப் பேச்சு மட்டுந்தான்."

"பேச்சுன்னா என் மவன்தான் டாக்டரம்மா" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். பிறகு பாரத்தை அவர் பக்கம் தள்ளினார். "இதுல பத்தொம்பதத் தொட்டாலே கடுமையான பயம்னு கணக்கு. இருபத்தஞ்சு போட்ட பலபேரு வாசப்படியே ஏற மாட்டாங்க. நீங்க ஏறிட்டீங்க. அதுக்கே சந்தோசம். ஆனா பயம்னு மட்டும் சொன்னா எனக்குப் பத்தாது, எதுக்குப் பயம்னு தெரியணும். ஊசிக்கா? மெஷின் சத்தத்துக்கா? குமட்டிரும்னா? இல்ல, எங்க கையில மாட்டிக்கிட்டோம்ங்கிற நெனப்பா?"

அப்பா பாரத்தை எடுத்தார். கையை முழுசாக நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரை ஓடுகளை எண்ணினேன். குறுக்கே பதினாலு, நெடுக்கே பதினொன்று. அடி எந்தக் கன்னத்தில் விழும் என்று மட்டும்தான் யோசனை. வலக் கன்னம் வேண்டாம், சாமி.

"ஆமா டாக்டரம்மா," என்றார் அப்பா, "சரியாத்தான் போட்டிருக்கு."

எண்ணிக்கை தப்பிவிட்டது.

"எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. ஏதோ ஒரு எலவச முகாம். ஊசி போட்டாவ, மரக்கல. வலிக்குதுன்னு கையத் தூக்குனேன். ரெண்டு பேரு வந்து கையப் புடிச்சு அமுக்கிட்டாவ." அப்பா தன் இடது மணிக்கட்டைத் தடவினார். "வலியக்கூட மறந்துட்டேன். கையப் புடிச்சாவ பாத்தியளா, அதத்தான் மறக்க முடியல."

டாக்டர் எதையும் எழுதவில்லை. "இங்க ஒங்க இடது கை ஒங்களுக்கு மட்டுந்தான் சார். அது மேல வந்தா நான் கருவிய வாய விட்டு எடுத்துருவேன். ஏன்னு கேக்க மாட்டேன். நீங்க கைய எறக்கினாத்தான் மறுபடியும்."

அப்பா மூச்சு விட்டார். அவ்வளவு நேரம் அவர் மூச்சு விடாமல் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது நான். என் பாரத்தைப் பார்த்து, "அஞ்சுக்கும் ஒண்ணு. நல்லது" என்றார் டாக்டர். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். அதில் நாடித்துடிப்பு 126 என்று வந்தது.

"மாடிப்படி ஏறி வந்தேம்லா டாக்டர்."

"ஏறி ஒரு மணி நேரம் ஆச்சேப்பா."

"படி அவ்வளவு செங்குத்து டாக்டர்."

வெறும் குட்டிக் கண்ணாடியை மட்டும் விட்டுப் பார்த்தார். "சொத்தை ஆழமாப் போயிருக்கு" என்றார். "எங்க குடும்பத்துல சொத்துதான் இல்ல, சொத்தையாவது இருக்கட்டுமே டாக்டர்" என்றேன். "வேர் சிகிச்சை பண்ணணும்" என்றார். "வேருக்குள்ள கால்வாய் வெட்டுவாங்களாமே, வாயில வெட்டுறதாலதான் அது வாய்க்காலா டாக்டர்?" என்றேன். செல்வக்கனியக்கா முகமூடிக்குள் குலுங்கிச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். ஆனால் நான் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் அவர் தன் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு கிழித்தார். எதற்கென்று தெரியவில்லை.

கடைசியில் அவர் சொன்னது இது: நரம்பு வரை போய்விட்டது. பத்து நாளைக்குள் வந்து உட்கார்ந்தால் பல்லைக் காப்பாற்றலாம். விட்டால் பிடுங்குவது தவிர வழியில்லை. பதினாறு வயதில் கடைவாய்ப் பல்லை இழப்பது நல்லதல்ல. எனக்கும் அப்பாவுக்கும் புதன்கிழமை நாள் கொடுத்தார்.

வண்டியில் வரும்போது அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் உதைத்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஆன்டோவிடம் இருபத்தைந்து கதையைச் சொன்னேன். கொஞ்சம் மசாலாவோடு. விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒங்கப்பாவுக்கே இருபத்தஞ்சுன்னா, ஒனக்கு எத்தனல?"

"அஞ்சு. அதுவும் சைபர் போட இடமில்லாததால."

ஜூலை 15, செவ்வாய்

நாளைக்குப் புதன். சும்மா, தேதிக்காக எழுதினேன்.

ஜூலை 16, புதன்

இயற்பியலில் திடீரென்று சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள். அதனால் கிளினிக்குக்குப் போக முடியவில்லை. சிறப்பு வகுப்பு டவுன் பஸ்ஸில் நடந்தது. வண்ணார்பேட்டை போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் வண்ணார்பேட்டை. விசை, திசைவேகம் எல்லாம் செய்முறையாகப் படித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். பாதி முகம் மட்டும்தான் சிரித்தது. மறுபாதி மரத்துப்போயிருந்தது.

"போயிட்டு வந்துட்டேம்ல!" என்றார், ஏதோ அணை உடைப்பை அடைத்துவிட்டு வந்தவர் போல. "மூணு தடவ கையத் தூக்குனேன். மூணு தடவயும் நிறுத்திட்டாவ. நாலாவது தடவ தூக்கணும்னே தோணல."

அம்மா அவருக்கு ரவைக்கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தொர எங்க போனிய? ஒங்க வாத்தியாருக்குப் போன் போட்டேன். சிறப்பு வகுப்பு பத்தி அவருக்கே தகவல் இல்லயாம்."

அப்பா குறுக்கே வந்தார். "விடுட்டி." சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே ஐந்து கேள்விப் பாரம். வெற்றுத் தாள். "டாக்டரம்மா குடுத்தாவ. வீட்டுல வச்சு நிதானமா எழுதணுமாம். பேரு போட வேண்டாமாம்."

ஜூலை 17, வியாழன்

பாரம் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதைவிடப் பத்திரமான இடம் என்னிடம் இல்லை. அந்தப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை, நான் உட்பட.

ஜூலை 18, வெள்ளி

கன்னம் வீங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வலப்பக்கம் வேறு யாரோ. காய்ச்சலும் இருக்கிறது. அம்மா டாக்டரிடம் போனில் பேசினாள். மாத்திரை எழுதி அனுப்பினார். வீக்கம் வடிந்ததும் திங்கள் காலை பத்து மணிக்கு வர வேண்டுமாம். அதற்கு மேல் தள்ளினால் பல்லைக் காப்பாற்ற முடியும் என்று உறுதி சொல்ல மாட்டாராம்.

ஆன்டோ பார்க்க வந்தான். கன்னத்தைப் பார்த்து, "லே, ஒரு பக்கம் மட்டும் பணக்காரன் ஆயிட்ட" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கே பதில் வரவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஜூலை 19, சனி

காய்ச்சல் விட்டுவிட்டது. வீக்கம் எலுமிச்சையிலிருந்து நெல்லிக்காய்க்கு இறங்கியிருக்கிறது.

சாயங்காலம் அப்பா கட்டிலில் வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் அவருக்கென்று ஒரு பாரம்.

"டாக்டரம்மா எனக்கும் ஒண்ணு குடுத்தாவ. மொதத் தடவ நீ எழுதுன, இந்தத் தடவ நானே எழுதுதேன்" என்றார். ஒவ்வொரு கேள்வியாக, உதடு அசைத்துப் படித்து, வட்டம் போட்டார். பிறகு கூட்டினார். "போன வாரத்துக்கு இருபத்திரண்டு வருது. இப்பப் பதினாலு."

"இருபத்திரண்டா?" என்றேன். பாம்பு பிடிக்கிற அப்பாவுக்கு நிஜமாகவே இருபத்திரண்டு. தலை சுற்றியது. மாத்திரையாக இருக்கலாம்.

"இன்னொண்ணு சொல்லட்டா? ஒங்கம்மாட்டச் சொல்லிராத. அந்த ஏழு பாம்புல ரெண்டுதான் நெசப் பாம்பு."

"மிச்சம் அஞ்சு?"

"ஸ்டேசன்ல உக்காந்து கேரம் வெளாண்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் வலிக்கிறது. வலித்தாலும் சிரித்தேன்.

"ஒனக்குப் பயம் இல்லன்னா ரொம்ப நல்லது," என்று எழுந்தார். "இருந்தா எழுதிக் குடு. நான் கெணத்துல எறங்கும்போது பயமா இருக்குன்னு சொன்னாத்தான் மேல நிக்கவன் கயித்த இறுக்கிப் புடிப்பான். சொல்லலன்னா அவன் பாட்டுக்கு பீடி பத்த வச்சிட்டு நிப்பான்."

அவர் போனதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். என்ன எழுதினேன் என்பது அரசாங்க ரகசியம். நாலாக மடித்து, ஓரத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று மட்டும் திங்கள் என்று திருத்தி எழுதும்போது துக்கம் வரவில்லை. முடிந்துவிட்டது. முடிந்தேவிட்டது!

காலை பத்து மணி. அப்பா விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். டாக்டர் நான் கொடுத்த தாளைப் பிரித்தார், படித்தார், மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். ஒரு வார்த்தை கேலி இல்லை.

"அஞ்சுல எது ரொம்ப மோசம்?"

"ஊசி."

"ஊசியா, ஊசியப் பாக்குறதா?"

இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்தேன். "பாக்குறது. அப்புறம்… அது வாறதுக்கு முந்தி உள்ள நேரம். எப்ப வரும்னு தெரியாம இருக்குற நேரம்."

"அப்போ எப்ப வரும்னு தெரிஞ்சுட்டாப் போதும், இல்லையா? நான் சொல்லிட்டுத்தான் செய்வேன். சொல்லாம எதுவும் வாய்க்குள்ள வராது. கையத் தூக்கிப் பாரு."

இடது கையைத் தூக்கினேன். டாக்டர் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். இறக்கினேன். குட்டிக் கண்ணாடியை எடுத்தார். தூக்கினேன். கீழே வைத்துவிட்டார். மூன்றாம் முறை தூக்கியதும், "இது நெசமா, டெஸ்ட்டா?" என்றார்.

"டெஸ்ட் டாக்டர்."

"சரி, டெஸ்ட் பண்ணிக்கோ. எனக்கு அவசரமில்ல."

அந்த ஒரு வார்த்தையில் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே இறங்கின. அவை அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

முதலில் ஈறில் ஏதோ பசையைத் தடவினார். வாழைப்பழ வாசம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "இப்போ ஊசி. செல்வக்கனி பத்து வரைக்கும் எண்ணுவாங்க" என்றார். அக்கா எண்ணினார். மூன்றில் ஒரு சின்னக் கிள்ளு. ஏழில் ஒரு அழுத்தம். பத்தில் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தேன். "எப்போ போடுவீங்க?" என்றேன். போட்டாகிவிட்டதாம்! இத்தனை வருஷமாக நான் ஓடி ஒளிந்தது ஒரு கிள்ளுக்காகவா?

உதடு தடித்து, கீழே தொங்குவது போலத் தோன்றியது. பிறகு மெஷின். "நீ மெஷின் சத்தம் நல்லாச் செய்வியாமே, அப்பா சொன்னாங்க. செய், பாப்போம்" என்றார் டாக்டர். மரத்த வாயால் 'ஙீஈஈ' என்றேன். அவர் மெஷினை வெளியே வைத்தே ஓடவிட்டுக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், என்னுடையதைவிட அரைச் சுருதி குறைவு. அதற்குப் பிறகு அது வாய்க்குள் வந்தபோது, என்னிடம் பாட்டு கற்றுக்கொண்ட மாணவன் போலத்தான் இருந்தது.

நடுவில் ஒரே ஒரு முறை நிஜமாகவே கையைத் தூக்கினேன். நிறுத்தினார். ஏனென்று கேட்கவில்லை. எச்சில் விழுங்கிவிட்டு இறக்கினேன்.

நரம்பைச் சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்திருக்கிறார். இன்னும் இரண்டு முறை போக வேண்டும். பல் பிழைத்தது. எழுந்தபோது கிளிப்பில் 88.

"டாக்டர், அன்னைக்கு நான் அஞ்சுக்கும் ஒண்ணு போட்டேனே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாரம் பாதிதான் சொல்லும். மீதிய ஆளு சொல்லும். கதவோரம் உக்காந்தன்னு செல்வக்கனி சொன்னாங்க. நாலு டம்ளர் தண்ணி. நாடி நூத்தி இருபத்தாறு. அப்புறம் இது." பன்னிரண்டாம் தேதித் தாளைக் காட்டினார். ஓரத்தில் வரிசையாகச் சின்னக் கோடுகள். "பயந்தவங்க சிலபேரு வாயே தொறக்க மாட்டாங்க. சிலபேரு மூடவே மாட்டாங்க. ஒம்பது நிமிசத்துல பதினொரு ஜோக் சொன்ன. இன்னைக்கு நாலுதான்."

கிளம்பும்போது மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் கையில் வைத்தார். அப்பாவின் இருபத்தைந்துப் பாரம். "இது ஒன்கிட்ட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

கீழே வந்ததும், வண்டியை எடுக்குமுன் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "யப்பா, அன்னைக்கு இந்தப் பாரத்த உள்ள வச்சுப் பாத்தியள்லா. கண்ணாடி இல்லாம என்ன தெரிஞ்சது?"

"கிட்டத்துல இருக்கதுதான்ல தெரியாது. கைய நீட்டிப் புடிச்சா எல்லாம் தெரியும்." வண்டியை உதைத்தார். "பேரும் தெரிஞ்சது. அடிச்ச பேரும் தெரிஞ்சது. ஏறு."

வழியில் பேக்கரியில் நிறுத்தினார். ஆளுக்கொரு தேங்காய் பன். எனக்கு மரத்த வாய், அப்பாவுக்குப் புதன்கிழமை மருந்து வைத்த வாய், எந்தப் பக்கமும் உருப்படியாக மெல்ல முடியவில்லை. பாலில் நனைத்துச் சாப்பிட்டோம். இதுவரை தின்ற பன்களிலேயே அதுதான் சிறந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கும் திருத்தம் என்னவென்றால்,

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில், அப்பாவுக்கு இருபத்தைந்து போட்ட என் மாபெரும் குறும்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆன்டோவிடம் சொன்னது அதைவிட நீளம். அப்படி ஒரு குறும்பு நடக்கவில்லை.

டாக்டர் கொடுத்த பாரத்தை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மேலே பெயருக்கான இடத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். 'பேச்சிராஜா' என்று எழுதி, அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'சுடலைமணி' என்று எழுதியிருக்கிறது. நான் முதலில் நிரப்பியது என் பாரத்தைத்தான். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்து, உண்மையை எழுதினேன். கூட்டினால் இருபத்தைந்து வந்தது. அதற்குள் செல்வக்கனியக்கா வாங்க வருவதைப் பார்த்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பெயரை அடித்து அப்பா பெயரைப் போட்டேன். இன்னொரு தாளில் என் பெயரை எழுதி, கேள்வியைப் படிக்காமலே ஒன்று, ஒன்று, ஒன்று என்று வட்டம் போட்டேன். அப்பா கொண்டுவந்த வெற்றுப் பாரத்தை வீட்டில் வைத்து நிரப்பியபோதும் இருபத்தைந்துதான் வந்தது.

நான் பிறந்ததிலிருந்து எந்தப் பரீட்சையிலும் வாங்கிய ஒரே முழு மதிப்பெண் அது. அதையும் அப்பா பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரும் 'சரியாத்தான் போட்டிருக்கு' என்று வாங்கிக்கொண்டார்.

இன்னொரு சின்ன விஷயம். பேனா வழுக்கவில்லை. அது நன்றாகத்தான் எழுதியது.